தாய்ப்பாலில் அமைந்துள்ள காவல்

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. எத்துணை நெருங்கிய உறவாயினும் அவரவர் பசி அவரவர்க்கே என்பது அதன் கருத்து. ஆயினும் இப்பழமொழி செல்லாத ஒரு பருவத்தை இயற்கை வகுத்து வைத்திருக்கிறது. குழந்தை தாய்ப்பால் அருந்தும் பருவமே அது. அப்பருவத்தில் தாயின் வயிறு தனக்காக மட்டும் அன்றித் தன் குழந்தையின் வயிற்றுக்காகவும் வேலை செய்கிறது. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் உள்ள ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த மூதாட்டியார் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "எங்கள் காலத்தில் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டுச் சீனித் தண்ணீரைத்தான் தொட்டு வைத்தோம். இப்போது கிளினிக்கில் இருக்கும் தாதி, அந்த மஞ்சள் பாலில் ஒரு சொட்டையும் வீணாக்கக் கூடாது என்கிறார். அதில் அப்படி என்னதான் இருக்கிறது, ஐயா?" என்பதே அக்கேள்வி. நல்ல கேள்வி. அதற்குரிய விடையைப் படிப்படியாகக் காண்போம்.

பிறந்த குழந்தையின் நிலை

கருவில் இருக்கும்வரை குழந்தை தாயின் பாதுகாப்பில் இருக்கிறது. பிறந்த கணம் முதல் காற்று, நீர், துணி, கை ஆகிய அனைத்தின் வழியாகவும் கிருமிகள் அதனை அடைகின்றன. கருவுற்ற காலத்தின் இறுதி மாதங்களில் தாயின் இரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடியின் வழியே குழந்தையின் இரத்தத்தில் சேர்கின்றன. இவை குழந்தையின் இரத்தத்தைச் சில மாதங்கள் வரை காக்கும்.

ஆனால் கிருமிகள் முதலில் நுழைவது இரத்தத்தில் அன்று. வாய், தொண்டை, மூக்கு, குடல் ஆகியவையே அவை நுழையும் வாயில்கள். இவ்வாயில்களைக் காக்கும் எதிர்ப்பொருள்களைத் தானாக உண்டாக்கும் ஆற்றல் பிறந்த சில வாரங்களில் குழந்தைக்கு மிகக் குறைவு. எனவே வீட்டினுள்ளே காவல் இருந்தும் வாசலில் காவல் இல்லாத நிலையில் குழந்தை இருக்கிறது. அந்த வாசற்காவலைத் தருவது தாய்ப்பால்.

வாசலில் நிற்கும் எதிர்ப்பொருள்

1961 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லார்ஸ் ஹான்சன் என்னும் அறிஞர், தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உள்ளவற்றினின்றும் மாறுபட்டவை என்பதை எடுத்துக் காட்டினார். இவற்றுள் தலையாயது சுரப்பு இம்யூனோகுளோபுலின்-ஏ எனப்படும் புரதம்.

இப்புரதத்திற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நாம் உண்ணும் பிற புரதங்கள் குடலில் செரித்துச் சிதைந்துவிடுகின்றன. இதுவோ எளிதில் செரிக்காத வகையில் அமைந்துள்ளது. இது குழந்தையின் இரத்தத்தில் கலப்பதில்லை. தொண்டையிலும் குடலின் உட்சுவரிலும் தங்கி, வரும் கிருமிகளைப் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட கிருமி குடற்சுவரில் ஒட்ட இயலாமல் மலத்துடன் வெளியேறிவிடும். இங்கே சண்டையும் இல்லை, சேதமும் இல்லை.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் முதல் சில நாள்களில் சுரக்கும் சீம்பாலில் இப்பொருள் மிகச் செறிவாக உள்ளது. பின்னர் சுரக்கும் பாலில் அதன் செறிவு குறைந்து, லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் என்னும் அளவில் நிலைபெறுகிறது. ஆனால் பாலின் அளவு பெருகுவதால் குழந்தைக்கு நாள்தோறும் போதிய அளவு கிடைத்துக்கொண்டே இருக்கும். சீம்பால் ஒரு வேளைக்கு ஓரிரு தேக்கரண்டிதான் இருக்கும். "பால் ஊறவில்லை" என்று கலங்க வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் சிறு வயிற்றுக்கு முதல் நாளில் அவ்வளவே தேவை.

தாயின் குடல் கற்கும் பாடம்

எந்தக் கிருமிக்கு எதிராக எந்த எதிர்ப்பொருளைச் செய்ய வேண்டும் என்பதைத் தாயின் மார்பு எவ்வாறு அறிகிறது? இவ்வினாவுக்கு விடை காண 1975 ஆம் ஆண்டில் ஹான்சனும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆய்வு செய்து வெளியிட்டனர். கருவுற்ற பெண்களுக்குத் தீங்கற்ற குடற்கிருமி வகை ஒன்றை வாய்வழியாகக் கொடுத்தனர். குழந்தை பிறந்ததும் சீம்பாலை ஆராய்ந்தனர். அதே கிருமிக்கு எதிர்ப்பொருள் செய்யும் அணுக்கள் அப்பாலில் காணப்பட்டன.

நிகழ்ந்தது இதுதான்: தாயின் குடலுக்குள் கிருமி வந்ததும் அங்குள்ள வெள்ளணுக்கள் அதனை அடையாளம் கண்டுகொள்கின்றன. பின்னர் அவை இரத்தத்தின் வழியே பயணம் செய்து மார்பகத்தை அடைந்து, அங்கே அக்கிருமிக்கு உரிய எதிர்ப்பொருளைச் செய்து பாலில் சேர்க்கின்றன. சுவாசக் குழாயில் வரும் கிருமிகளுக்கும் இவ்வாறே பாடம் கற்கப்படுகிறது.

இதன் பொருளைத் தோட்ட மக்களாகிய நாம் நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தாய் தன் லயத்துக் குழாய் நீரைப் பருகுகிறாள். அந்த லயத்துக் காற்றைச் சுவாசிக்கிறாள். பெரட்டில் நிற்கும்போதும் பால் நிறுக்கும் இடத்திலும் பிறருடைய சளியும் இருமலும் அவளை அடைகின்றன. இவை அனைத்துக்கும் அவள் உடல் எதிர்ப்பொருள் செய்கிறது. மாலையில் அவளுடைய குழந்தை சந்திக்கப் போவதும் அதே லயத்துக் கிருமிகளைத்தான். ஆகவே தாய்ப்பால் அந்த வீட்டுக்கும் அந்த ஊருக்கும் ஏற்றவாறு அமைந்த மருந்தாகிறது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் டின்னில் அடைக்கப்பட்ட மாவுப்பால் எத்துணைச் சத்துடையதாயினும் நம் லயத்தின் கிருமிகளை அறியாது. வாயும் வயிறும் வேறு என்ற பழமொழி இவ்விடத்தில் செல்லாது என்று நாம் கூறியது இதனாலேயே.

துணை நிற்கும் பிற பொருள்கள்

எதிர்ப்பொருளுடன் வேறு பல பொருள்களும் தாய்ப்பாலில் உள்ளன. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே கூறுவோம்.

முதலாவது லாக்டோஃபெரின். கிருமிகள் பெருகுவதற்கு இரும்புச் சத்து தேவை. லாக்டோஃபெரின் அந்த இரும்பைத் தன்னிடம் பற்றிவைத்துக் கிருமிகளைப் பட்டினி போடுகிறது. பசும்பாலில் இது மிகக் குறைவு.

இரண்டாவது லைசோசைம். இதனை 1922 ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டவர், பின்னாளில் பெனிசிலின் மருந்தைக் கண்ட அலெக்சாந்தர் ஃபிளெமிங். இது சில கிருமிகளின் மேலுறையை அரித்துச் சிதைக்கவல்லது. பால்வெட்டும் நமக்கு இன்னொரு செய்தி வியப்பூட்டும். லைசோசைமைப் போல வேலை செய்யும் ஹெவமின் என்னும் புரதம் ரப்பர் மரத்தின் பாலிலும் உள்ளது. மரத்தின் பட்டை காயம்படும்போது வடியும் பால், அக்காயத்தின் வழியே பூஞ்சணமும் கிருமியும் நுழையாமல் காக்கும் பொருள்களையும் தன்னுள் கொண்டிருக்கிறது. மரத்துப் பால் உண்ணத் தகாதது, தாய்ப்பால் உணவு. எனினும் காவல் என்னும் பண்பு இரண்டிலும் இருப்பது அறியத்தக்கது.

மூன்றாவது ஒலிகோசாக்கரைடு எனப்படும் சிறப்புச் சர்க்கரைகள். தாய்ப்பாலின் ஒரு லிட்டரில் இவை ஏறத்தாழ 5 முதல் 15 கிராம் வரை உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. குழந்தையால் இவற்றைச் செரிக்க இயலாது. அப்படியாயின் யாருக்காக இவை? குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோ எனப்படும் நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு இவையே உணவு. அந்நுண்ணுயிர்கள் பெருகி இடத்தை நிரப்பிக்கொண்டால் நோய்க்கிருமிகளுக்கு இடம் குறையும். இக்காலத்தில் சில நிறுவனங்கள் இச்சர்க்கரைகளுள் சிலவற்றைச் செயற்கையாகச் செய்து மாவுப்பாலில் சேர்க்கின்றன. ஆயினும் தாயின் எதிர்ப்பொருளும் உயிருள்ள வெள்ளணுக்களும் டின்னில் வருவதில்லை.

அடக்கமும் ஒரு காவலே

நோய் எதிர்ப்பு என்றவுடன் போர்வீரனையே நாம் நினைக்கிறோம். ஆனால் தோட்டத்து வாயிலில் நிற்கும் ஜாகாவை எண்ணிப் பாருங்கள். வருவோர் அனைவரையும் தடியால் அடிப்பவன் நல்ல காவலன் ஆகமாட்டான். திருடன் யார், குடியிருப்பவன் யார், விருந்தினன் யார் என்று பகுத்தறிபவனே நல்ல காவலன்.

நம் உடலின் எதிர்ப்பாற்றலும் அவ்வாறே பழக வேண்டும். அது அளவு மீறிச் சினந்தால் குடலில் அழற்சி உண்டாகி, கிருமியைவிட அழற்சியே அதிகத் தீங்கு செய்யும். உணவையும் நல்ல நுண்ணுயிர்களையும் பகையாகக் கருதவும் கூடும். ஆகவே தாய்ப்பாலில் எதிர்ப்பாற்றலை ஒழுங்குபடுத்தும் பொருள்களும் அமைந்துள்ளன. டி.ஜி.எஃப். பீட்டா, இன்டர்லூக்கின்-10 ஆகியவை அத்தகையவை. இவை அழற்சியைத் தணிக்கவும், உணவைப் பொறுத்துக்கொள்ளக் குடலைப் பழக்கவும் துணைபுரிகின்றன. குடற்சுவரின் வளர்ச்சிக்கு உதவும் பொருள்களும் உடன் உள்ளன.

இதன் பயன் குறைமாதக் குழந்தைகளிடம் தெளிவாகத் தெரிகிறது. இக்குழந்தைகளுக்குக் குடல் அழுகிப்போகும் கொடிய அழற்சி நோய் ஒன்று வருவதுண்டு. தாய்ப்பால் பெறும் குறைமாதக் குழந்தைகளுக்கு அந்நோய் குறைவாகவே வருகிறது. இதனாலேயே மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தையின் தாயிடம், பாலைப் பீய்ச்சியேனும் தருமாறு தாதியர் வற்புறுத்துகின்றனர்.

மிகைப்படக் கூறுதலும் தவறு. வயிற்றுப்போக்கு, நுரையீரல் காய்ச்சல், காதில் சீழ் வைத்தல் ஆகியவற்றைத் தாய்ப்பால் குறைக்கிறது என்பது உறுதி. ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை ஆகியவற்றைத் தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒரு முடிவாக இல்லை. தாய்ப்பால் தடுப்பூசிக்கு மாற்றும் அன்று. பிறந்தவுடன் போடப்படும் காசநோய்த் தடுப்பூசியும் மஞ்சட்காமாலைத் தடுப்பூசியும் முதலாக அட்டவணையில் உள்ள அனைத்தையும் தவறாது போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் கண்ட உண்மை

இவ்வறிவு நம் மண்ணுக்குப் புதியது அன்று. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1936 ஆம் ஆண்டில் மலாயாவுக்குப் பணியாற்ற வந்தார். சீனி சேர்த்த டின் பாலைக் குழந்தை உணவு என்று விற்பதையும், அதனால் குழந்தைகள் மடிவதையும் கண்டு மனம் கொதித்தார். 1939 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்னும் தலைப்பில் அவர் ஆற்றிய உரை உலகெங்கும் இன்றும் பேசப்படுகிறது. ஜப்பானியர் ஆட்சியில் அவர் சிங்கப்பூரில் சிறை வைக்கப்பட்டார். உணவே அரிதாயிருந்த அம்முகாமில் பிறந்த குழந்தைகள் தாய்ப்பாலால் உயிர் பிழைத்ததை அவர் பின்னாளில் எடுத்துரைத்தார். போருக்குப் பின் மலாயாவின் தாய் சேய் நலப் பணிக்குத் தலைமை தாங்கினார்.

அடுத்த சான்று 1976-77 ஆம் ஆண்டுகளில் கிடைத்தது. தீபகற்ப மலேசியாவில் 1,262 குடும்பங்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தப்பட்டது. அதன் விவரங்களைக் கொண்டு ஹபிக்ட், டவான்சோ, பட்ஸ் என்னும் மூவர் 1988 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குழாய் நீரும் கழிப்பறையும் இல்லாத வீடுகளில்தான் தாய்ப்பால் மிகுதியாக உயிர் காத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. வேறு உணவு எதுவும் கலவாமல் தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளைப் பொறுத்தவரை, வீட்டில் அவ்வசதிகள் இருப்பதும் இல்லாததும் உயிரிழப்பில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கவில்லை. வசதி குறைந்த வீட்டுக் குழந்தைக்குத் தாய்ப்பாலே குழாயாகவும் கழிப்பறையாகவும் நின்றது எனலாம்.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. குழந்தைப் பால்மாவு விற்பனைக்கான நெறிமுறைகளைச் சுகாதார அமைச்சு 1979 ஆம் ஆண்டிலேயே வகுத்தது. உலக நெறிமுறை வந்தது அதற்குப் பின், 1981 ஆம் ஆண்டில். 1993 ஆம் ஆண்டில் தேசியத் தாய்ப்பால் கொள்கை பிறந்தது. 2005 ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டு, முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், பின்னர் பிற உணவுடன் 2 ஆண்டுகள் வரை தாய்ப்பால் என்று வரையறுக்கப்பட்டது. முதல் 6 மாதங்களில் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் 2006 ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் 100க்கு 14.5 ஆக இருந்தனர். 2016 ஆம் ஆண்டில் அது 47.1 ஆக உயர்ந்தது. உயர்வு மகிழ்ச்சிக்குரியது. எனினும் அவ்வாண்டிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் இக்காவலை முழுமையாகப் பெறவில்லை.

பால்வெட்டுக்குச் செல்லும் தாய்

குறை எங்கே நேர்கிறது? வேலைக்குத் திரும்பும் நாளில்தான். முன்னர் 60 நாள்களாக இருந்த பிள்ளைப்பேற்று விடுப்பு, வேலைச் சட்டத் திருத்தத்தின்படி 2023 ஜனவரி 1 முதல் 98 நாள்களாக உயர்ந்தது. 98 நாள் என்பது 14 வாரம். 6 மாதம் என்பது 26 வாரம். எஞ்சிய 12 வாரங்களில் தாய் விடியுமுன் பெரட்டுக்குச் செல்கிறாள். குழந்தை பாட்டியிடமோ ஆயாக் கொட்டகையிலோ இருக்கிறது. புட்டி வந்து சேர்வது அப்போதுதான். அந்த 12 வாரங்களைக் கடக்கும் வழிகளைக் கீழே தருகிறோம்.

ஒன்று: வேலைக்குப் புறப்படுமுன் குழந்தைக்கு நிறையப் பாலூட்டுக. திரும்பியதும் கை, மார்பு, முகம் கழுவி, வேலை உடையை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்குக. பால் உறைய வைக்கும் அமிலமும் களைக்கொல்லியும் உடையில் ஒட்டியிருக்கக்கூடும். இரவில் பாலூட்டுவதை நிறுத்த வேண்டா.

இரண்டு: கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கொதிநீரில் இட்டெடுத்த மூடியுள்ள பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வைக்கலாம். வெளியில் வைத்தால் 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுதல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் இன்னும் விரைந்து கொடுப்பது நன்று. குளிர்பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம்.

மூன்று: பீய்ச்சிய பாலைக் கொதிக்க வைக்காதீர்கள். நாம் மேலே கண்ட காவற் பொருள்களுள் பல கொதிக்கும் வெப்பத்தில் அழிந்துவிடும். பாத்திரத்தை வெந்நீரில் வைத்துக் குளிர் நீக்கினால் போதும்.

நான்கு: புட்டிக்குப் பதில் நம் வீட்டுச் சங்கையோ பாலாடையையோ பயன்படுத்துக. புட்டியின் காம்பிலும் கழுத்திலும் அழுக்குத் தங்கும். சங்கைக் கழுவுவது எளிது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்துச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும்.

ஐந்து: பால்மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு கொடுப்பதை நாம் அறிவோம். தாய்ப்பால் அவ்வாறன்று. எடுக்க எடுக்கச் சுரக்கும். எடுக்காது விட்டால் குறையும். ஆதலின் ஒரு வேளையேனும் வேலைக்கு நடுவே பாலைப் பீய்ச்ச வாய்ப்பு வேண்டும். இது தாய் ஒருத்தியால் ஆகும் செயல் அன்று. தண்ணீர் தூக்கவும் சமைக்கவும் கணவர் முன்வர வேண்டும். அரைமணி நேரம் விடுவிக்க மேற்பார்வையாளர் மனம் வைக்க வேண்டும். புட்டியை நீட்டாமல் சங்கை எடுக்கப் பாட்டியும் ஆயாவும் பழக வேண்டும்.

சில ஐயங்கள்

சேனை தொட்டு வைத்தல், சீனித் தண்ணீர், உரைமருந்து, ஓமத் தண்ணீர் ஆகியவை அன்பினால் கொடுக்கப்படுபவைதாம். ஆனால் அவை குடலின் வாசலில் புதிய கிருமிகளைக் கொண்டு விடுகின்றன. பால் குடிக்கும் அளவையும் குறைக்கின்றன. 6 மாதம் வரை தண்ணீரும் தேவையில்லை. தாய்ப்பாலிலேயே போதிய நீர் உண்டு.

தாய்க்குச் சளி, சாதாரணக் காய்ச்சல் வந்தால் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை. அந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் பாலின் வழியே குழந்தைக்குச் செல்லும். காசநோய், எச்.ஐ.வி. போன்ற நோய் உள்ள தாய்மாரும், தொடர்ந்து மருந்து உட்கொள்வோரும் மருத்துவரின் சொற்படி நடக்க வேண்டும். எவ்வளவு முயன்றும் பால் சுரக்காத தாயும் உண்டு. அவளைக் குறை கூறுதல் முறையன்று. அத்தகையோர் தாதியின் ஆலோசனை பெற்று, மாவுப்பாலைச் சரியான அளவில், கொதித்த நீரில், தூய பாத்திரத்தில் கலந்து கொடுப்பாராக. டின் நீண்ட நாள் வரவேண்டும் என்று நீரை மிகுத்தல் கூடாது.

மூதாட்டியாருக்கு நாம் அளித்த விடையும் இதுவே: "அம்மா, நீங்கள் பருகிய நீரிலும் சுவாசித்த காற்றிலும் இருந்த கிருமிகளை உங்கள் உடல் எதிர்த்து நின்றதல்லவா? அந்த அனுபவம் முழுவதும் அந்த மஞ்சள் பாலில் இருந்தது." அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "என் மருமகள் அடுத்த மாதம் வேலைக்குப் போகிறாள். பாலாடை பெட்டியில் கிடக்கிறது; தேடி எடுக்க வேண்டும்" என்றார்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. சீம்பாலைக் கொட்டிவிடுதல் ஏன் தவறு?
2. ஒரு லயத்தில் வாழும் தாயின் பால் அந்த லயத்துக் குழந்தைக்கு ஏற்றதாய் அமைவது எவ்வாறு?
3. எதிர்ப்பாற்றலுக்கு அடக்கமும் வேண்டும் என்பதன் காரணம் யாது?
4. பீய்ச்சிய பாலை ஏன் கொதிக்க வைத்தல் கூடாது?
5. உங்கள் தோட்டத்தில் வேலைக்குத் திரும்பும் தாய்க்கு, நீங்கள் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய உதவி யாது? இதனை உங்கள் குடும்பத்தாருடன் கலந்து பேசுங்கள்.